மறதிநோயாளி வாட்டில் இருக்கும்போது: ஊசிக்கு முன் கேட்க வேண்டியது

கொழும்பில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியாக இருந்தாலும், காலையில் டொக்டர்மார் கட்டில் கட்டிலாக வரும்போது ஏதாவதொரு கட்டிலடியில் இந்தப் பேச்சு கேட்கும்: “ராத்திரி முழுக்க ஒரே கரைச்சல். சேலைனைப் பிடுங்கிப்போட்டார், கட்டிலால இறங்கப் பார்த்தார். ஊசி போட்ட பிறகுதான் படுத்தவர்.” டிக்கெட்டில், அதாவது கட்டிலோடு இருக்கும் நோயாளிக் குறிப்பில், ஒரு வரி ஏறும். அடுத்த இரவுக்கும் அதே ஊசி எழுதப்படும். ஏன் பிடுங்கினார், இறங்கி எங்கே போகப் பார்த்தார் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் வாட்டுகளில் மறதிநோயாளர் படும் பாட்டில் பெரும்பங்கு இங்கேதான் தொடங்குகிறது. கட்டில் போதாது, நேர்ஸ்மார் போதாது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கட்டிலும் வேண்டாம், காசும் வேண்டாம்.

இந்த நோயாளர்கள் பெரும்பாலும் மறதிநோய்க்கென்று (டிமென்ஷியா) ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருவார்கள், சலக்கிருமியோடு வருவார்கள், நெஞ்சுச்சளி முற்றி வருவார்கள். ராகமைப் பகுதியில் நடந்து 2003இல் வெளியான ஆய்வொன்று, 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய 4 வீதமானோருக்கு மறதிநோய் இருப்பதாகக் கண்டது. அது ஊருக்குள் எடுத்த கணக்கு. ஆஸ்பத்திரிக் கட்டில்களில் விகிதம் இன்னும் கூட. பிரித்தானியாவில் நாலில் ஒரு கட்டில் வரை மறதிநோய் உள்ளவர்களுக்குப் போகிறது என்று அங்குள்ள அல்சைமர் சங்கம் 2009இலேயே சொன்னது. இங்கே கிளினிக் கொப்பியில் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் எல்லாம் எழுதியிருக்கும், மறதி இருக்காது. வீட்டில் அதை “வயசு போனா வாறதுதானே” என்று விட்டிருப்பார்கள். வாட்டில் சேர்க்கும் டொக்டருக்கு அது தெரிய வழியே இல்லை.

திடீர்க் குழப்பமும் பழைய மறதியும்

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். மறதிநோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஊர்ந்து வருவது. டிலீரியம் எனப்படும் திடீர்க் குழப்பம் சில மணித்தியாலத்தில், ஓரிரு நாளில் வருவது. காலையில் தெளிவாக இருப்பார், பின்னேரம் யாரையும் அடையாளம் தெரியாது, நடுச்சாமத்தில் சுவரில் பூச்சி ஊருகிறது என்பார், அடுத்த நாள் பாதி சரியாகிவிடும். ஒரு விடயத்தில் மனதை நிறுத்த முடியாமை இதன் முக்கிய அடையாளம். மறதிநோய் உள்ள மூளைக்கு இது மிக எளிதாக வரும். இளைஞன் ஒருவனுக்கு வெறும் காய்ச்சலாகப் போகும் சலக்கிருமி, 80 வயது மறதிநோயாளிக்கு ஊர் பேர் தெரியாத குழப்பமாக முடியும்.

டிலீரியத்தில் சத்தம் போடுவது ஒரு வகை. சத்தமே இல்லாதது இன்னொரு வகை. பகல் முழுக்கத் தூங்குவார், கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடுவார், வாயில் வைத்த சோறு அப்படியே இருக்கும். “பாவம், ஒரு கரைச்சலும் இல்லாத மனுசன்” என்று எல்லோரும் கடந்துபோவார்கள். இந்த வகைதான் அதிகம் தவறவிடப்படுகிறது. படுக்கைப்புண்ணும் சளிக்காய்ச்சலும் வந்த பிறகே கவனிக்கிறார்கள். கரைச்சல் தராத நோயாளியைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதை வாட்டில் ஒவ்வொருவரும் மனதில் வைத்திருக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க ‘4ஏடி’ என்றொரு சோதனை உலகமெங்கும் பாவனையில் உள்ளது. இரண்டு நிமிடம் போதும். விழிப்பு நிலை இயல்பா என்று பார்ப்பது முதலாவது, இயல்பில்லையென்றால் 4 புள்ளி. வயது, பிறந்த திகதி, இருக்கும் இடம், இந்த வருடம் ஆகிய நான்கையும் கேட்பது இரண்டாவது. ஒரு பிழைக்கு 1, இரண்டு அல்லது கூடினால் 2. மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் செய்வது மூன்றாவது. ஏழு மாதமாவது சரியாகச் சொன்னால் புள்ளியில்லை, அதற்குக் குறைந்தால் 1, செய்யவே இயலாவிட்டால் 2. நாலாவது, இந்த மாற்றம் திடீரென்று வந்ததா, நாளுக்குள் கூடிக் குறைகிறதா என்பது. ஆமென்றால் 4. மொத்தம் 4ஐத் தொட்டால் டிலீரியம் என்று வைத்துக்கொண்டு காரணத்தைத் தேட வேண்டும்.

அந்த நாலாவது கேள்வியைக் கவனியுங்கள். அதற்கு நோயாளி பதில் சொல்ல முடியாது, வீட்டுக்காரர்தான் சொல்ல முடியும். “போன கிழமை இப்படி இல்லை, கோயிலுக்குத் தானே நடந்து போனவர்” என்று மகள் சொல்லும் ஒரு வசனத்துக்கு மட்டும் 4 புள்ளி. மற்ற எதையும் கேட்காமலே சோதனையின் முடிவு அங்கேயே வந்துவிடுகிறது. அந்த மகளோ காவலாளியிடம் பாஸ் கேட்டுக்கொண்டு வெளியே நிற்கிறாள்.

இன்னொன்று. தமிழ் மட்டும் தெரிந்த ஒரு அம்மாவிடம் மாதங்களைச் சிங்களத்திலோ இங்கிலீசிலோ கேட்டுவிட்டுப் புள்ளி போட்டால் அது அவருடைய மூளைக்குப் போட்ட புள்ளி இல்லை. கொழும்பில் நாற்பது வருடம் சிங்களம் பேசிக் கடை நடத்தியவரிடமும் அதே கவனம் வேண்டும். பிறகு படித்த மொழிகள் பலருக்கு முதலில் நழுவும், சிறுவயது மொழி கடைசிவரை நிற்கும். தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். வாட்டில் தமிழ் பேசும் அட்டென்டன் ஒருவராவது பெரும்பாலும் இருப்பார்.

காரணம் உடம்பில் இருக்கிறது

இரவு இரண்டு மணிக்கு ஒருவர் சேலைனைப் பிடுங்குகிறார் என்றால் கையை வைக்க வேண்டிய முதல் இடம் அடிவயிறு. சலம் கட்டி நிற்கிறதா? தொப்புளுக்குக் கீழே இறுக்கமாக, தொட்டால் முகம் சுளிப்பதாக இருந்தால் அதுவே விடை. சலக்குழாய் போட்டிருந்தால் அது மடங்கிக் காலுக்குக் கீழே நசிந்து கிடக்கிறதா பாருங்கள். அடுத்தது மலம்: கடைசியாக எப்போது போனார்? மூன்று நாளாகியும் பதிவே இல்லையென்றால் அங்கேயே பாதிக் காரணம் கிடைத்துவிட்டது. ஊசி குத்திய இடம் வீங்கியிருக்கிறதா, நாக்கு காய்ந்திருக்கிறதா, சீனி இறங்கிவிட்டதா, ஒக்சிசன் குறைந்ததா, காய்ச்சல் உண்டா. இத்தனையையும் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். ஊசியை உடைத்து மருந்தை எடுத்து, இரண்டு பேர் பிடித்துக் குத்தவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான்.

பிறகு மருந்துத் தாளை எடுத்துக் கடைசி இரண்டு நாளில் புதிதாக என்ன சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். சொறிக்கும் தடிமனுக்கும் நாம் கற்கண்டு மாதிரிக் கொடுக்கும் பிரிட்டோன் முதியவர் மூளைக்கு நல்லதல்ல, குழப்பத்தைக் கூட்டும், சலத்தையும் கட்டும். ஃபெனர்கன், அமிட்ரிப்டிலின், சலப்பை அடிக்கடி சுருங்குவதற்குக் கொடுக்கும் ஒக்சிபியூட்டினின் ஆகியவையும் அப்படியே. டிரமடோல் நோவைத் தணிக்கும், ஆனால் தலையையும் குழப்பி மலத்தையும் இறுக்கும். திடீரென்று நிறுத்திய மருந்தும் காரணமாகலாம். வருடக்கணக்காக இரவில் ஒரு நித்திரைக் குளிசை போட்டு வந்தவருக்கு, வீட்டார் சொல்ல மறந்ததால் வாட்டில் அது எழுதப்படாமல் போயிருக்கும்.

குடிப்பழக்கமும் இதில் சேரும். வீட்டார் வெட்கப்பட்டு இதை மறைக்கிறார்கள், மறைக்கவே கூடாது. தினமும் சாராயம் குடித்தவருக்குக் கடைசிக் குடிக்குப் பின் இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் வியர்வையும் கடும் குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்கு மருந்து டயசிபாம் வகை. மற்ற டிலீரியத்தில் அதே டயசிபாம் நிலைமையைக் கெடுக்கும். ஒரே தோற்றம், நேரெதிர் வைத்தியம். சேர்க்கும் அன்றே டொக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, எவ்வளவு, கடைசியாக எப்போது என்று சொல்லிவிடுங்கள்.

நோவைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அநியாயம் அதிகம். இடுப்பெலும்பு முறிந்தவர்களை ஒப்பிட்டு அமெரிக்காவில் 2000இல் வந்த ஆய்வில், முற்றிய மறதிநோய் உள்ளவர்களுக்குக் கிடைத்த மோர்பின் வகை மருந்து, நினைவு தெளிவாக உள்ளவர்களுக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. எலும்பு ஒரே மாதிரித்தான் முறிந்தது. கேட்கத் தெரிந்தவருக்கு மருந்து கிடைத்தது. நோர்வேயில் முதியோர் இல்லங்களில் 352 பேரை வைத்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், நோவுக்குப் படிப்படியாக வைத்தியம் செய்தார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கொடுத்தது வெறும் பரசிட்டமோல். எட்டு வாரத்தில் பதற்றம் 17 வீதம் குறைந்தது.

ஆகவே “தேவைப்பட்டால் பனடோல்” என்று எழுதுவது மறதிநோயாளிக்கு மருந்தே இல்லை என்று எழுதுவதற்குச் சமம். அவர் கேட்க மாட்டார். முறிவு, ஒபரேஷன், படுக்கைப்புண், மூட்டுவாதம் இருந்தால் நேரம் குறித்து, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்று எழுத வேண்டும். 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் ஈரல் பழுதுள்ளவர்களுக்கும் அளவைக் குறைக்க வேண்டும். நோவை அளக்க, பேச முடியாதவருக்கென்றே ‘பெய்னாட்’ என்ற முறை இருக்கிறது. மூச்சு, முனகல், முகம், உடம்பின் இறுக்கம், ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்பது என ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போடுவது. சும்மா படுத்திருக்கும்போது பார்த்தால் பிழைத்துப்போகும். புரட்டும்போது, துடைக்கும்போது, எழுப்பும்போது பாருங்கள். துடைக்க வந்தவரை அடிக்கிறார் என்றால் துடைப்பதில்தான் நோகிறது.

கட்டில் தலைமாட்டில் ஒரு தாள்

வீட்டார் செய்யக்கூடியவற்றில் இதற்கு ஈடு வேறில்லை. ஏ4 தாள் ஒன்று, ஒரு பக்கம் மட்டும். பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டில் தலைமாட்டில் கட்டுங்கள். ஒரு பிரதியை டிக்கெட்டோடு வைக்கச் சொல்லி சிஸ்டரிடம் கொடுங்கள்.

மேலே கொட்டை எழுத்தில் அவரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று. முப்பது வருடம் படிப்பித்த ஒருவர் “மாஸ்டர்” என்றால் திரும்பிப் பார்ப்பார். சிங்களத்தில் “சீயா” (தாத்தா) என்று அன்பாகக் கூப்பிட்டாலும் தன்னைத்தான் என்று அவருக்குத் தெரியாது. அதற்குக் கீழே எந்தக் காது கேட்கும், கண்ணாடி எப்போது போடுவார், பல்செட் உண்டா. வழக்கமாக எத்தனை மணிக்கு எழும்புவார், சலத்துக்கு எத்தனை மணிக்குப் போவார். தேத்தண்ணி எப்படி. எதற்குப் பயப்படுவார், எதைச் சொன்னால் அடங்குவார். காலையில் திருநீறு பூசாமல் வாயில் எதுவும் வைக்காதவர் என்றால் அதை எழுதுங்கள், ஒரு சிறு டப்பாவில் திருநீறும் வையுங்கள். சுபஹுத் தொழுகைக்கு எழும்பி, கை கால் முகம் கழுவி வுழூச் செய்து பழகிய வாப்பா விடியற்காலையில் கட்டிலால் இறங்குவது தண்ணீர்க் குழாயைத் தேடித்தான். அந்த நேரம் ஒரு கோப்பைத் தண்ணீரும் தொப்பியும் கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்று எழுதுங்கள். எதை எழுதக் கூடாது என்றும் சொல்ல வேண்டும்: பழைய பதவி, பிள்ளைகள் எந்த நாட்டில், எவ்வளவு பெரிய குடும்பம். பத்து வரிக்கு மேல் போனால் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

தாளின் அடிப்பாதியைச் சொற்களுக்கு ஒதுக்குங்கள். அந்த முதியவர் வீட்டில் உண்மையில் சொல்லும் சொற்கள்: நோகுது, ஒண்டுக்கு வருது, தண்ணி, குளிருது, அந்தரமா இருக்கு, ஏலாது. ஒவ்வொன்றையும் சிங்கள எழுத்தில், ஒலி அப்படியே வரும்படி எழுதி, எதிரே சிங்களத்தில் பொருளை எழுதுங்கள். கூடவே மிஸ் கேட்க வேண்டியவை இரண்டு மூன்று: “நோகுதா?”, “சலம் போகணுமா?”, “பயப்படாதீங்கோ, நான் பக்கத்தில இருக்கிறன்.” அயலில் சிங்களம் எழுதத் தெரிந்த ஒருவர் கால் மணித்தியாலத்தில் முடித்துத் தருவார். அச்சடித்த மருத்துவத் தமிழ் வேண்டாம். “சிறுநீர் கழிக்க வேண்டுமா” என்று கேட்டால் எண்பது வயது மூதாட்டிக்கு அது ரேடியோச் செய்தி வாசிப்பது போலத்தான் கேட்கும்.

1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸ் வரும் நேரத்தில் இதெல்லாம் எழுத முடியாது. தாளை முன்கூட்டியே எழுதி, கிளினிக் கொப்பி, குளிசை அட்டைகள், கண்ணாடி, காதுக்கருவி, அதன் மாற்று பற்றரி, பல்செட் பெட்டி, அவருடைய சாரம் ஒன்று, பாவித்துப் பழகிய துவாய் ஒன்று எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். களவு போய்விடும் என்று கண்ணாடியையும் காதுக்கருவியையும் வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போவது வழக்கமாகிவிட்டது. பார்வையும் கேள்வியும் இல்லாமல் புதிய இடத்தில் விடப்பட்டால் நல்ல மூளையும் தடுமாறும். மூடியுள்ள சிறு பெட்டியில் பெயர் எழுதி லொக்கரில் வைத்து, அது இருக்கும் இடத்தைத் தாளில் குறியுங்கள்.

துணைக்கு நிற்பவர்

பிரித்தானியாவில் ஜோன் ஜெரார்ட் என்ற மறதிநோயுள்ள டொக்டர் 2014இல் காலில் புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஐந்து வாரம். பார்வையாளர் கட்டுப்பாட்டால் குடும்பம் பக்கத்தில் நிற்க முடியவில்லை. நடந்து போனவர் நடக்கவும் பேசவும் இயலாமல் திரும்பி, அதே வருடம் நவம்பரில் காலமானார். அவர் மகள் நிக்கி ஜெரார்ட் தோழி ஜூலியா ஜோன்ஸுடன் தொடங்கிய இயக்கத்தின் கோரிக்கை ஒன்றுதான்: மறதிநோயாளியின் பராமரிப்பாளருக்குப் பார்வை நேரக் கட்டுப்பாடு வேண்டாம். அங்கே ஆஸ்பத்திரிகள் வரிசையாக ஏற்றுக்கொண்டன.

இங்கே துணைக்கு நிற்பது புதிதல்ல, பாஸ் எடுத்து நிற்கிறார்கள். சிக்கல் வேறிடத்தில். ஆண்கள் வாட்டில் இரவுக்கு மனைவி நிற்க முடியாது, பெண்கள் வாட்டில் மகன் நிற்க முடியாது. ஐம்பது வருடம் பக்கத்தில் படுத்த கையைத் தேடுகிற மனுசனுக்கு, கூலிக்குப் பிடித்த முன்பின் தெரியாத ஒரு பையன் துணை. இருபது முப்பது பேர் படுக்கும் திறந்த வாட்டில் இதை முழுதாகத் தீர்க்க முடியாது என்பது புரிகிறது. ஆனால் மூலைக்கட்டில் ஒன்றும் மறைப்புத் திரையும் இருந்தால், சூரியன் சாயும் நேரத்திலிருந்து நோயாளி தூங்கும்வரை மனைவியை இருக்க விடலாம். 24 மணித்தியாலமும் கேட்டால் மறுப்பார்கள். இரண்டு சாப்பாட்டு நேரமும், மாலை முதல் நித்திரைவரையும் என்று குறிப்பாகக் கேளுங்கள், காரணத்தோடு கேளுங்கள், சிஸ்டரிடமும் வாட் டொக்டரிடமும் கேட்டு டிக்கெட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் இருந்தால் ஷிஃப்ட் மாறினாலும் காவலாளி மாறினாலும் செல்லும். கூலிக்கு ஆள் பிடித்தாலும் அந்தத் தாளை முதலில் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மாலைப் பார்வை நேரம் தனியாகவே ஒரு பிரச்சினை. மறதிநோயாளர் பலருக்குப் பொழுது சாயும்போதுதான் பதற்றம் கூடும். சரியாக அந்த நேரத்தில் ஒன்பது பேர் சுற்றி நிற்பார்கள், ஒரே நேரத்தில் பேசுவார்கள், மணி அடித்ததும் எல்லோரும் சேர்ந்து போய்விடுவார்கள். அவர் பின்னாலேயே இறங்கி வருவார், அதை “ஓடப் பார்க்கிறார்” என்று எழுதுவார்கள். இரண்டிரண்டு பேராக வாருங்கள், ஒருவர் பின்னுக்கு நின்று கடைசியில் போங்கள். அவர் கையில் ஏதாவது, ஒரு துவாயோ செபமாலையோ, கொடுத்துவிட்டுப் போங்கள்.

“நான் யாரெண்டு சொல்லுங்கோ பாப்பம்?” என்ற கேள்வியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள், தெரியும். ஆனால் வருகிற ஒவ்வொருவரும் வைக்கும் பரீட்சையில் அவர் எல்லோர் முன்னாலும் தோற்கிறார். “அப்பா, நான் உங்கட மூத்த மகள் வந்திருக்கிறன்” என்று நீங்களே சொல்லிவிட்டால் அவருக்கு எவ்வளவு நிம்மதி. செத்துப்போன அம்மாவைக் கேட்டால் “அவ செத்து நாற்பது வருசம்” என்று சொல்ல வேண்டாம், அந்தச் சாவு அவருக்கு அன்றுதான் நடக்கும். அம்மாவைப் பற்றிக் கேளுங்கள், அவ என்ன சமைப்பா என்று கேளுங்கள்.

சாப்பாடு, நடை, கட்டுவது

சாப்பாட்டுத் தட்டு வருகிறது, மேசையில் வைக்கப்படுகிறது, அரை மணித்தியாலத்தில் எடுக்கப்படுகிறது. “சாப்பாடு குடுத்தாச்சு” என்பது பதிவு. எவ்வளவு உள்ளே போனது என்பதை எழுதுங்கள்: முழுதா, பாதியா, கால்வாசியா. வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு பல மறதிநோயாளர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. பொஸ்டனில் அல்சைமர் என்ற மறதிநோய் வகை முற்றிய ஒன்பது பேரை வைத்துச் செய்து 2004இல் வந்த சிறிய ஆய்வில், கடும் சிவப்புத் தட்டும் கோப்பையும் கொடுத்தபோது உணவு 25 வீதமும் பானம் 84 வீதமும் கூட உள்ளே போனது. ஒன்பது பேர்தான், பெரிய சான்றென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் தட்டு வாங்கப் பெரிய செலவில்லை.

கதிரையில் நிமிர்த்தி இருத்திச் சாப்பாடு கொடுங்கள், முடிந்து அரை மணித்தியாலம் படுக்க விடாதீர்கள். விழுங்கச் சிரமப்படுபவருக்கு உதிரிப் பிட்டு வேண்டாம், துகள் தொண்டையில் சிதறும். சொதி ஊற்றிய இடியப்பமும் ஆபத்துத்தான்: சொதி முன்னால் ஓடிப் புரையேற, இடியப்பம் வாயிலேயே நிற்கும். குழைத்த சோறு, கட்டித் தயிர், நன்கு மசித்த வாழைப்பழம் ஒரே பதமாக இருக்கும். விழுங்கத் தெரிந்தும் கரண்டி பிடிக்கத் தெரியாதவருக்குக் கையால் எடுத்துச் சாப்பிடக்கூடியதைக் கொடுங்கள். ஒவ்வொரு வாய்க்கும் இருமுகிறார், குரல் ஈரமாகிறது என்றால் நிறுத்தி, விழுங்குவதையும் பார்க்கும் பேச்சு வைத்தியரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

நடப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் கட்டிலிலேயே வைத்துப் பார்த்த ஆய்வில் கால்களிலிருந்து கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போனது. நோயாளிக்கு இன்னும் மோசம். டொக்டர் தடுக்காதவரை நாளுக்கு மூன்று முறை, பத்தடியாவது. சலத்துக்கு விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையும், எழும்பியவுடனும், சாப்பிட்ட பின்னும் கூட்டிப்போங்கள். சொல்லத் தெரியாததால் ‘பம்பர்ஸ்’ கட்டி விடுவது, அடக்கத் தெரிந்தவரை அடக்கத் தெரியாதவராக்கி வீட்டுக்கு அனுப்புவது.

கை கட்டுவது பற்றி. கோஸ் பண்டேஜால் கட்டிலோடு கட்டப்பட்ட கை இன்னும் பல இடங்களில் காணக்கூடிய காட்சி. கட்டினால் பதற்றம் கூடும், தோல் உரியும், நெஞ்சுச்சளி பிடிக்கும். கட்டிலின் பக்கக் கம்பியை உயர்த்தினால் அதன் மேல் ஏறி, இன்னும் உயரத்திலிருந்து விழுவார். கட்டிலை முடிந்தளவு தாழ்த்தி, நேர்ஸ் மேசை கண்ணுக்கெட்டும் இடத்துக்கு இழுத்துப் போடுங்கள். சேலைன் உண்மையில் இரவுக்கும் தேவையா என்று கேளுங்கள், பகலில் ஏற்றி இரவில் கழற்றலாம். போடத்தான் வேண்டுமென்றால் பாவிக்காத கையில் போட்டு, மேலே பண்டேஜ் சுற்றி, நீளக்கைச் சட்டை போட்டு, குழாயைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். கண்ணில் படாததைப் பிடுங்க மாட்டார். முற்றிய மறதிநோயில் மூக்கால் போடும் சாப்பாட்டுக் குழாயும் இந்தக் கதைதான்: குழாயைப் பிடுங்குவார், பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டுவார்கள். ஆயுளைக் கூட்டும் என்று காட்டப்படாத ஒரு குழாய்க்காக ஒருவரைக் கட்டி வைப்பதை நான் ஏற்கவில்லை. கரண்டியால், மெதுவாக, அவர் ஏற்கும் அளவு ஊட்டுவதே நல்லது.

ஊசி முழுக்கக் கூடாதென்றில்லை. தனக்கோ பக்கத்துக் கட்டிலுக்கோ உண்மையில் ஆபத்து, காரணமெல்லாம் தேடியாயிற்று, பேசியும் பார்த்தாயிற்று என்றால் ஹலோபெரிடோல் 0.5 மில்லிகிராம் போன்ற மிகச் சிறிய அளவில் தொடங்கலாம். பார்க்கின்சன் இருந்தாலோ, இல்லாதவற்றைக் கண்ணால் காணும் லூயி பொடி வகை மறதிநோய் என்ற சந்தேகம் இருந்தாலோ அது கூடவே கூடாது, உடம்பு மரக்கட்டையாகி உயிர் போகலாம். இவ்வகை மருந்துகள் மறதிநோயுள்ள முதியவர்களில் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், புதிய வகைகளுக்கு 2005இலும் ஹலோபெரிடோல் போன்ற பழையவற்றுக்கு 2008இலும், கறுப்புப் பெட்டி எச்சரிக்கை எனப்படும் மிகக் கடுமையான எச்சரிக்கையை விடுத்தது.

வாட்டை நடத்துபவர்களுக்கு

யேல் பல்கலைக்கழகத்தில் ஷரன் இனூயே குழு 852 முதிய நோயாளரை வைத்துச் செய்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், டிலீரியம் வந்தவர்கள் 15 வீதத்திலிருந்து 9.9 வீதமாகக் குறைந்தார்கள். புது மருந்து எதுவும் இல்லை. நாளையும் இடத்தையும் சொல்லிக்கொண்டிருப்பது, நடத்துவது, தண்ணீர் கொடுப்பது, கண்ணாடியும் காதுக்கருவியும் போட்டுவிடுவது, இரவில் நித்திரை கலைக்காமலிருப்பது, அவ்வளவுதான். பெரும்பகுதியைப் பயிற்சி பெற்ற தொண்டர்கள் செய்தார்கள். நேர்ஸிங் மாணவர்கள் நிறைந்த கொழும்பில் இது எட்டாத காரியமில்லை. வந்துவிட்ட டிலீரியத்தைக் குணப்படுத்துவதைவிட வராமல் தடுப்பதில்தான் இந்த முறை பலித்தது என்பதால், சேர்த்த முதல் நாளே தொடங்க வேண்டும்.

ஆனால் பயிற்சி வகுப்பு வைக்கும்போது நேர்ஸ்மாரையும் டொக்டர்மாரையும் மட்டும் கூப்பிடுகிறோம். நோயாளியை அதிகம் தொடுபவர் அட்டென்டன். கழுவுவது, தூக்குவது, தள்ளுவண்டியில் கொண்டுபோவது, சாப்பாடு வைப்பது அவர்தான். அவர் முன்னால் வந்து, கண்ணுயரத்துக்குக் குனிந்து, “ஐயா, இப்ப முகம் துடைக்கப்போறன்” என்று சொல்லிவிட்டுத் தொட்டாரா, பின்னாலிருந்து திடீரென்று இழுத்தாரா என்பதில் அன்றைய நாள் முழுதும் தீர்மானமாகும். பயிற்சியை அவரில் தொடங்குங்கள், அவருடைய மொழியில், அவருடைய ஷிஃப்ட் நேரத்துக்குள்.

இரவு ஷிஃப்ட் கைமாறும்போது ஒரே ஒரு மாற்றம் செய்யலாம். “குழப்பம் பண்ணினார்” என்று மட்டும் எழுத அனுமதிக்காதீர்கள். என்ன செய்தார், எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, என்ன செய்து அடங்கினார், இந்த நான்கும் எழுத வேண்டும். மூன்று இரவு எழுதினால் வழமை தெரியும்: ஒவ்வொரு நாளும் இரண்டு மணிக்கு, சலப்பை நிறையும் நேரத்தில். இரவில் வாட் மாற்றுவதை நிறுத்துங்கள். விடிய முன்னரே லைட் போட்டுத் துடைப்பதை, அவசரமில்லாதவர்களுக்கு, வெளிச்சம் வந்த பின் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலிலிருந்து தெரியும்படி ஒரு பெரிய மணிக்கூடும், ஒவ்வொரு நாளும் கிழிக்கும் கலண்டரும் மாட்டுங்கள். கிழிக்கும் பொறுப்பு யாருடையது என்று பெயர் போடாவிட்டால் அது முந்தின கிழமையையே காட்டிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்கு விடும் அன்று

துண்டு வெட்டுவது பெரும்பாலும் அவசரத்தில் நடக்கும். நோயையும் மருந்தையும் எழுதித் தரும் டயக்னோசிஸ் காட் கையில் வந்ததும் அங்கேயே நின்று வாசியுங்கள். வாட்டில் தொடங்கிய அடக்கும் மருந்து, ரிஸ்பெரிடோனோ ஹலோபெரிடோலோ குவெட்டியபினோ, அதில் இருந்தால் எப்போது நிறுத்துவது என்று கேட்டு, திகதியை எழுதி வாங்குங்கள். ஆறு கிழமைக்கு ஒருமுறையாவது மீளாய்வு செய்ய வேண்டும் என்பது பிரித்தானிய வழிகாட்டல். திகதி இல்லாவிட்டால் கிளினிக்கில் மாதா மாதம் அப்படியே திருப்பி எழுதப்பட்டு வருடக்கணக்கில் ஓடும். டிலீரியம் வந்தது என்பதையும் டயக்னோசிஸ் காட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒருமுறை வந்தவருக்குத் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம், அடுத்த ஆஸ்பத்திரிக்கு அது தெரிய வேண்டும். சலக்குழாயோடு அனுப்பினால் எப்போது, யார் எடுப்பது என்றும் கேளுங்கள்.

குழப்பம் வீட்டுக்கு வந்ததும் மறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம், கிழமைக்கணக்கில் எடுக்கலாம், சிலருக்கு மாதங்கள். வாட்டில் இருந்தபோது செய்த நினைவுச் சோதனையை வைத்து மறதிநோய் என்று முடிவு கட்டவும் வேண்டாம். தெளிந்த பின், சில மாதம் கழித்து, முதியோர் அல்லது மனநல கிளினிக்கில் மறுபடி பார்க்க வேண்டும். கொழும்பு 10இல் உள்ள லங்கா அல்சைமர் ஃபவுண்டேஷன் நோயாளர்களுக்குப் பகல்நேரச் செயற்பாடுகளும் வீட்டாருக்கு ஆலோசனையும் வழங்குகிறது. வீட்டுக்கு வந்த முதல் கிழமையிலேயே அங்கே பேசுங்கள், தலைமாட்டில் கட்டியிருந்த தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள். வாட்டில் புதிதாகத் தெரிந்தவற்றை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதை முதலாவதாக, அதில் சேர்த்து எழுதி மறுபடி அந்தப் பைக்குள் வையுங்கள்.